மறுக்கா ஆரம்பிச்சிட்டாரு

இரவு பதினொரு மணிக்கு மேல் அத்தையிடமிருந்து போன் வந்தால், விஷயம் என்னவென்று எங்கள் வீட்டில் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஏழு மாதமாக அப்படி ஒரு போன் வராமல் இருந்தது. அன்றைக்கு வந்துவிட்டது.

"கண்ணு, உங்க மாமா மறுக்கா ஆரம்பிச்சிட்டாரு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

மாமா கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அன்று சனிக்கிழமை, சம்பள நாள். குடித்தது ஒரு குவாட்டர், 180 மில்லி. அதற்கு முன்னால் 214 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் குப்பையில் போடாமல் ஓர் ஆணியில் குத்தி வைத்திருந்தார், அதனால் கணக்கு துல்லியமாகத் தெரியும்.

அத்தை சொன்ன வார்த்தையை ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்துப் பார்த்தேன். "குடிச்சிட்டாரு" என்று அவர் சொல்லவில்லை, "ஆரம்பிச்சிட்டாரு" என்றார். 214 நாள் குடிக்காமல் இருந்த ஒருவர் ஒரு சாயங்காலம் குடித்தார் என்பதுதான் நடந்தது. ஆரம்பித்துவிட்டார் என்பது அதன்மேல் நாங்கள் எழுதிய தீர்ப்பு. மறுநாள் காலையில் ஆறு பேர் கூடி உட்கார்ந்து அந்தத் தீர்ப்பை அவர் காதுபட வாசித்தோம். நானும் இருந்தேன், நானும் பேசினேன். திங்கட்கிழமை அவர் நிஜமாகவே ஆரம்பித்தார். அது எட்டு மாதம் ஓடியது.

குடிநோய்க்குச் சிகிச்சை தருகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். ஒரு வேளையோ ஒரு நாளோ குடித்துவிட்டு நின்றுகொண்டால் அது சறுக்கல். பழைய அளவுக்கும் பழைய வாழ்க்கைக்கும் திரும்பிப் போனால்தான் விழுந்தது. சறுக்கினவர்கள் எல்லோரும் விழுவதில்லை. விழுகிறவர்களில் பலர் சறுக்கிய கையோடு விழுவதுமில்லை. நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில மணி நேரம், ஒரு நாள், இரண்டு நாள். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதைத் தன் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். அவர் கண்டது இது: முதல் டம்ளரில் இருக்கும் சரக்கு பாதி வேலையைத்தான் செய்கிறது. குடித்தவன் அதற்கு என்ன அர்த்தம் கொடுக்கிறான் என்பது மீதியைச் செய்கிறது. "இன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேன்" என்று நினைப்பவன் நிற்கக்கூடும். "என் புத்தியே இப்படித்தான், நான் தேறவே மாட்டேன்" என்று நினைப்பவனுக்கு அடுத்த டம்ளரை மறுக்கக் காரணமே இல்லை.

மார்லட் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தார். நமக்குப் பெயர் தேவைப்படவில்லை, பழமொழியே இருக்கிறது. நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? குடிப்பவர் மனதுக்குள் ஓடுவது இதுதான். வீட்டார் வாயில் வருவதும் இதுதான். எங்கள் வீட்டில் அன்று பெரியவர் ஒருவர் இதே பழமொழியைச் சொன்னார். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளம் அவருக்கு முழங்கால் வரைக்கும்தான் வந்திருந்தது. தலைக்கு மேல் போய்விட்டது என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர்கள் நாங்கள்.

மறுபடி குடிப்பது எவ்வளவு சகஜம் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு பதறியிருக்க மாட்டோம். 1971இல் ஹன்ட் என்பவரும் சகாக்களும் மது, ஹெராயின், சிகரெட் மூன்றையும் விட்டவர்களின் கணக்கை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். வரைபடத்தில் மூன்றுக்கும் கோடு ஒரே மாதிரி விழுந்தது: சிகிச்சை முடிந்து முதல் 3 மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் திரும்பவும் தொட்டுவிட்டார்கள். 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மெக்லெல்லனும் மூன்று மருத்துவர்களும் வேறொரு கணக்கை வைத்தார்கள். போதை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் தொடுகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேருக்கு ஆண்டுக்குள் நோய் திரும்பத் தலைதூக்குகிறது. தீபாவளிக்கு நாலு லட்டு தின்று சர்க்கரையை 300க்கு ஏற்றிக்கொண்டு வருகிறவரை டாக்டர் திட்டத்தான் செய்கிறார். ஆனால் "இனி உமக்கு மருந்தே கிடையாது, போம்" என்று அனுப்புவதில்லை. மாத்திரையை மாற்றி எழுதுகிறார்.

இந்த ஒப்பீடு எனக்கு முழுசாகச் சம்மதம் இல்லை. சர்க்கரை ஏறினவர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவதில்லை, தாலிக்கொடியை அடகு வைப்பதில்லை. நோய் என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களின் காயம் கணக்கில் வராமல் போகிற ஆபத்து உண்டு. அதைத் தனியாகச் சொல்கிறேன். இன்னொன்று, திரும்பக் குடிப்பது சகஜம் என்பதால் அது கட்டாயம் என்று ஆகிவிடாது. ஒரு தடவைகூடத் தொடாமல் இருபது வருஷம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். "எல்லாருந்தான் சறுக்கறாங்க" என்று முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்வது வேறு கதை.

சரி, சறுக்கல் எங்கே தொடங்குகிறது?

மாமா குடியை விட்டபோது ஒரு கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். கொங்குப் பக்கம் என்றில்லை, தமிழ்நாடு முழுக்க இந்த வழக்கம் உண்டு. அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவர் கையில் கயிறு இல்லை. சட்டைப் பையில் இருந்தது. அறுத்துப் போட்டிருக்கவில்லை, முடிச்சை அவிழ்த்திருந்தார். ஏழு மாதம் பட்டறை எண்ணெயும் குளிக்கிற தண்ணீரும் பட்டு இறுகிக் கல்லாகிப்போன முடிச்சு. ஒரு கையால், பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாலும் ஐந்து நிமிஷமாவது பிடித்திருக்கும். சாமி பார்க்கக் கூடாது என்று கழற்றியிருக்கிறார். "யாரோ கையில் திணிச்சுட்டாங்க, என்னை அறியாம குடிச்சுட்டேன்" என்று அவர் சொன்னதை அந்த ஐந்து நிமிஷம் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பொய் சொன்னார் என்பதற்காக இதை எழுதவில்லை. அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நாலு நாள் இருந்தன. பிற்பாடு ஓர் ஆலோசகர் அவரிடம் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஏன் குடித்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

"அந்த வாரத்துல கடைசியா எந்த ராத்திரி நல்லாத் தூங்குனீங்க?" என்றுதான் கேட்டார்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செவ்வாக்கெழமைங்க" என்றார்.

அந்த நூலைப் பிடித்து இழுத்ததும் மொத்தமும் வந்தது. புதன்கிழமை ஓவர்டைம் காசு விஷயமாக முதலாளியோடு வாக்குவாதம். கோபத்தை அங்கே காட்ட முடியவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. வியாழக்கிழமை, குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்குப் போக வேண்டும், உடம்பு சரியில்லை என்று போகவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடவில்லை. சனிக்கிழமை வழக்கமாக அத்தையிடம் நேராகக் கொடுக்கும் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு, வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ் ஏறினார். அந்த பஸ் நிற்கிற ஸ்டாப் எதிரில்தான் கடை. "சும்மாதாங்க ஏறுனேன்" என்றார். இப்படிச் சும்மா எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகளையும் மார்லட் கவனித்திருக்கிறார். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் அதில் குற்றமே இருக்காது. வரிசையாக வைத்தால் ஒரு பாதை தெரியும், பாதை கடை வாசலில் முடியும். மறுபடி குடித்த சம்பவங்களை அவரும் சகாக்களும் பிரித்துப் பார்த்தபோது ஏறக்குறைய முக்கால்வாசி மூன்றே வகையில் அடங்கின: மனம் சரியில்லாத நிலை, யாரோடாவது சண்டை, கூட இருப்பவர்களின் வற்புறுத்தல். மாமாவின் வாரத்தில் மூன்றுமே இருந்தன. கடை வாசலில் பழைய கூட்டாளி ஒருவர் கட்டிங்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாராம்.

இங்கே சபரிமலை மாலையைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. "மாலை போட்டா ஒரு மண்டலம் குடிக்காம இருக்கான்ல? அப்ப முடியுதுதானே? மத்த நாள்ல திமிர்தான்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வாதம். மேலோட்டமாக நியாயமாகத்தான் படும். ஆனால் மாலை போட்டவரின் ஒரு நாளைப் பாருங்கள். விடியுமுன் குளியல். காலில் செருப்பு இல்லை. உடுப்பே வேறு, தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். கூட்டாளிகள் "டேய்" என்று கூப்பிட மாட்டார்கள், "சாமி" என்பார்கள். கட்டிங்குக்கு யாரும் அழைக்க மாட்டார்கள், அழைத்தால் அழைத்தவனுக்குத்தான் அசிங்கம். துக்க வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் சண்டை போடக் கூடாது, மனைவியும் "சாமிக்குக் கோபம் வரக் கூடாது" என்று ஒதுங்கிப் போவார். கடை திறந்திருக்கிற சாயங்கால நேரத்தில் பஜனை. வழிநடத்த ஒரு குருசாமி. வேளைக்குச் சாப்பாடு, தரையில் படுக்கை, சீக்கிரம் தூக்கம். குடிநோய்ச் சிகிச்சைக்காரர்கள் பாடுபட்டுக் கட்ட நினைக்கிற முழு அமைப்பும் அதில் இருக்கிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிற அன்று, மாலையோடு சேர்ந்து இத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. மறுநாள் அவன் "டேய்" ஆகிவிடுகிறான். தனி மனிதனின் வைராக்கியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு சுற்றியிருந்தவர்கள் கொடுத்தது.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசின் கையில். 2016, 2017, 2023 என மூன்று தடவை தலா 500 கடைகளை மூடினார்கள். அப்படியும் ஆயிரக்கணக்கில் மிச்சம் உண்டு. குடியை விட்டவர் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய்வர வேண்டும். அவர் போய் உட்காரக்கூடிய கூட்டமோ வாரத்தில் ஒன்றிரண்டு நாள், பல ஊர்களில் அதுவும் இல்லை. எய்ம்ஸ் நடத்தி 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தவர்கள் 38 பேருக்கு ஒருவர்தான். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180க்கு ஒருவர்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். குடித்துவிட்டு வந்திருக்கிறார். என்ன செய்வது?

பேச வேண்டாம். போதையில் இருப்பவனுக்குப் புத்தி சொல்வது, தண்ணீருக்குள் முழுகினவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுகிற மாதிரி என்று நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி சொல்வது எதுவும் அவர் நினைவில் நிற்காது, உங்கள் நினைவில்தான் நிற்கும். உடம்பை மட்டும் கவனியுங்கள். மாதக்கணக்கில் குடிக்காதவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. "முன்னாடி ஒரு ஃபுல்லே அடிப்பாரே" என்ற கணக்கு இப்போது செல்லாது. மல்லாந்து படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் இருக்கும். தட்டி எழுப்பினாலும் அசைவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் தூங்கித் தெளியட்டும் என்று விட்டுவிடாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

கை ஓங்குகிற ஆளாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்கள் வேலை கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கோ அண்ணன் வீட்டுக்கோ போய்விடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. சறுக்கினவரைப் பரிவோடு நடத்த வேண்டும் என்று எழுதுகிற யாரும், அதற்காக அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்ல முடியாது. சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரு நாளோடு நிற்காமல் நாலைந்து நாள், ஒரு வாரம் என்று போய்விட்டால் ஆபத்து வேறு மாதிரி. அப்போது பல வீடுகளில் செய்வது, காசைப் பிடுங்கிக்கொண்டு அறையில் போட்டுப் பூட்டுவது. தொடர்ந்து குடித்த உடம்பு திடீரென்று சரக்கு இல்லாமல் போனால் ஆறேழு மணி நேரத்திலேயே நடுங்க ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைக் கையால் தட்டிவிடுவார், செத்துப்போன அப்பாவோடு பேசுவார். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை தேடுகிற நேரத்தில் ஆள் செத்துப்போன வீடுகள் உண்டு. முன்பு பல தடவை விட்டு விட்டுக் குடித்தவருக்கு இது ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கடுமையாக வரக்கூடும். போன தடவை வீட்டிலேயே சமாளித்தோம் என்பது இந்தத் தடவைக்குச் சாட்சி ஆகாது. முன்னால் ஒரு முறை வலிப்பு வந்திருந்தால் யோசனையே வேண்டாம், நேராக மருத்துவமனைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். ஒரு சின்ன விஷயம்: தெருமுனை கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்று கேட்டு வாங்கும் வழக்கம் நமக்கு உண்டு. சாப்பிடாமல் குடித்தே கிடந்தவருக்கு பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். டாக்டரிடம் எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் அவர் முதலில் பி1 ஊசி போடுவார்.

மாத்திரை விஷயத்திலும் நிறையக் குழப்பம். டைசல்பிராம் என்று ஒன்று உண்டு, 1948இல் டென்மார்க்கில் மதுவுக்கு எதிராகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். மருத்துவர் கண்காணிப்பில், நோயாளி தெரிந்தே எடுத்துக்கொண்டால் அது ஒரு வேலி. ஆனால் இதைப் பொடித்து ரசத்தில், காப்பியில் கலந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அவருக்குத் தெரியாம மருந்து வச்சிருக்கோம்" என்று பெருமையாகவே சொல்வார்கள். இதயக் கோளாறு உள்ளவருக்கு அது உயிரை எடுத்துவிடலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை உடம்பில் இருக்கும். இன்னொரு நஷ்டமும் உண்டு. விஷயம் தெரிய வந்த நாளிலிருந்து அவர் மனைவி கையால் காப்பி வாங்கிக் குடிக்க மாட்டார். ஏக்கத்தைத் தணிக்கிற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை வேறு வகை. சறுக்கின மறுநாள் "குடிச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று அவற்றையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அகாம்ப்ரோசேட்டை நடுவில் குடித்துவிட்டாலும் நிறுத்தக் கூடாது என்பதுதான் விதி. மற்ற எதையும் நிறுத்துமுன் எழுதிக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும். இங்கேயும் அதே முக்காடுதான்.

சறுக்கின செய்தி கேட்டதும் சொந்தக்காரர்கள் சொல்கிற முதல் யோசனை, "தூக்கிட்டுப் போய் சென்டர்ல போடுங்க." ராத்திரி வேன் வரும், நாலு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போவார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்துக்குள் மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். யாரையும் சங்கிலியால் கட்டுவதை அது முற்றிலும் தடை செய்கிறது. உள்ளே சேர்ப்பதற்கும் வெளியே விடுவதற்கும் முறை வைத்திருக்கிறது. அடித்துத் திருத்துகிற இடங்களிலிருந்து 90 நாள் கழித்து வெளியே வருகிறவர், 90 நாள் கடை இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வருகிறார், அவ்வளவுதான். முதல் 3 மாதம் என்று முன்னால் சொன்னேனே, அந்தக் கோடு அவர் வெளியே வந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை மாதிரி இடங்கள் இதைப் புரிந்துகொண்டு, மருந்தோடு ஆலோசனையும் குடும்பத்துக்குத் தனிப் பயிற்சியும் பிற்பாடு தொடர் கவனிப்பும் வைத்தன. திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் ஊர்க்காரர்களையே சேர்த்துக்கொண்டு முகாமும் நடத்தினார்கள். கடையும் கூட்டாளியும் இருக்கிற அதே ஊரில் வைத்து மருந்து கொடுத்து, அங்கேயே ஆட்களைத் துணைக்கு விட்டுவருவது புத்திசாலித்தனமான ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது.

மறுநாள் காலை, அவர் தெளிந்த பிறகு, பேச வேண்டும். அப்போதும் பஞ்சாயத்து வேண்டாம், ஒருவர் போதும். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது, கற்பூரம் ஏற்றச் சொல்வது எல்லாம் அந்த நிமிஷத்துக்கு ஆறுதல் தரும். அடுத்த முறை சறுக்கினால் குடித்த குற்றத்தோடு சத்தியத்தை மீறின பாவமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சுமையை இறக்கி வைக்க அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். "நாலு நாளா என்ன ஆச்சு?", "இன்னைக்கு சாயங்காலம் எங்க இருப்பீங்க?", "யாருக்கு போன் பண்ணலாம்?" இந்த மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஒரு நாளுக்குப் போதும். ஆலோசகருக்கோ, கூட்டத்தில் பழக்கமானவருக்கோ அவரே போன் செய்ய வேண்டும், முடிந்தால் அன்றே. யாரும் இல்லையென்றால் போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416.

மனைவியிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நீ ஏதாவது சொன்னியா?" அத்தையிடமும் கேட்டார்கள். மாமியார் கேட்டார், நாத்தனார் கேட்டார். அத்தை ஏழு மாதமும் தினமும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போது மூச்சை இழுத்து வாடை பார்த்தவர். அந்த வேலையே ஒரு நோய். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951இல் அமெரிக்காவில் உருவான அல்-அனான் கூட்டங்களில் புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வார்கள்: இந்த நோய்க்கு நீங்கள் காரணம் இல்லை, உங்களால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. அத்தை முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு வந்து, "அப்ப நான் என்னதான் பண்றது?" என்று கோபப்பட்டார். அப்புறம் நன்றாகத் தூங்க ஆரம்பித்தார்.

நாள் கணக்கு விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம் ஊரில் ஏ.ஏ. கூட்டம், சறுக்கினால் கணக்கை முதல் நாளிலிருந்து தொடங்கச் சொல்லும். அதற்கு ஒரு நேர்மை இருக்கிறது, பலருக்கு அது பிடிமானமும்கூட. ஆனால் 214 நாள் எங்கேயும் போய்விடுவதில்லை. அந்த நாட்களில் ஈரல் ஆறியது நிஜம், மகளின் பள்ளிக் கட்டணம் கட்டியது நிஜம். ஏ.ஏ.வின் சொந்த வரலாறே இதைத்தான் காட்டுகிறது. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் குடிநோயாளிகள். பாப் குடியை விட்டார். சில வாரத்தில் மருத்துவர் மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டிக்கு ரயில் ஏறினார், போன இடத்தில் மட்டையானார். திரும்பி வந்தவரை வில்சனும் பாப்பின் மனைவியும் கவனித்துக்கொண்டார்கள். அவர் ஓர் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது, கை நடுக்கம் நிற்பதற்காக அன்று காலை வில்சனே ஒரு பீர் பாட்டிலைக் கொடுத்தார். பாப் குடித்த கடைசி மது அது. அந்த நாள் என்று கணக்கு வைத்துத்தான் 1935 ஜூன் 10ஐ ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அவர்கள் சந்தித்த மே மாத நாளைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். சறுக்கி எழுந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாமா அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு மருத்துவமனைக்குப் போனார், விட்டார். இரண்டு வருஷம் கழித்து, பெரியப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்தன்று இன்னொரு தடவை குடித்தார். அத்தை அன்று ராத்திரி யாருக்கும் போன் செய்யவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, உங்க மாமா நேத்து குடிச்சிட்டாரு. இப்பதான் எந்திரிச்சாரு, இட்லி சாப்படறாரு. பத்து மணிக்கு டாக்டரைப் பாக்கப் போலாங்கறாரு, வண்டி எடுத்துட்டு வர்றியா?"

போனேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். காலண்டர் பக்கத்து ஆணியில் முந்தைய நாள் தாளும் குத்தியிருந்தது. அதை மட்டும் நாலாக மடித்திருந்தார். அன்றைய தாளை அவர் இன்னும் கிழித்திருக்கவில்லை.